போஸ் வட்டாரத்து விபத்து: ஊர் நிலவரம் ஒருவரின் தண்டனையைக் கூட்டலாமா?

கனடாவில் குற்றவியல் சட்டம் ஒன்றுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைச் சாகடித்தால், அது வான்கூவரில் நடந்தாலும் ஹாலிஃபாக்ஸில் நடந்தாலும் சட்டப் பிரிவு ஒன்று, உச்ச தண்டனையும் ஒன்று. ஆனால் தண்டனையை எழுதும் நீதிபதி ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஊரில் அந்தக் குற்றம் மலிந்துவிட்டது என்பதற்காக, எதிரே நிற்கும் ஒருவருக்குச் சிறைக்காலத்தைக் கூட்ட அவருக்கு உரிமை உண்டா?

கியூபெக் மாகாணத்தின் போஸ் வட்டாரத்தில் ஒரு கிராமப்புறச் சாலையில் 2011இல் தொடங்கி, 2015 டிசம்பரில் ஒட்டாவாவில் உள்ள உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு இந்தக் கேள்வியை நேராகவே சந்தித்தது. சம்பந்தப்பட்ட குடும்பங்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை.

பின்னணி

1867ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் 91(27) பிரிவில் குற்றவியல் சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது. 92(14) பிரிவில் நீதி நிர்வாகத்தை மாகாணங்களிடம் விட்டது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மாநிலத்துக்கு மாநிலம் குற்றச் சட்டம் உண்டு. கனடாவில் அப்படி இல்லை. சட்டம் மேலிருந்து வருகிறது. பெரும்பாலான வழக்குகளைத் தொடுப்பவர்கள் மாகாண அரசு வழக்கறிஞர்கள், பெரும்பாலானவற்றை விசாரிப்பவை மாகாண நீதிமன்றங்கள். சிறையில்கூட இந்தப் பங்கீடு தெரியும்: இரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் குறைந்தாலும் மாகாணச் சிறை, இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் என்றால் கூட்டாட்சிச் சிறை.

தண்டனை விதிக்கும் அடிப்படைகள் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 718ஆம் பிரிவிலும் அதைத் தொடரும் பிரிவுகளிலும் இருக்கின்றன. குற்றத்தின் கடுமைக்கும் குற்றவாளியின் பொறுப்புக்கும் தண்டனை பொருந்த வேண்டும் என்பது முதன்மை விதி. ஒரே மாதிரியான குற்றத்துக்கு, ஒரே மாதிரியான ஆளுக்கு, ஏறத்தாழ ஒரே தண்டனை என்பது அடுத்தது. கண்டிப்பது, பிறரை அச்சுறுத்தித் தடுப்பது, சீர்திருத்துவது ஆகிய நோக்கங்களை எந்த அளவில் கலப்பது என்பதை நீதிபதியிடம் விட்டுவிட்டார்கள். தண்டனை பற்றி ஆராய நியமிக்கப்பட்ட ஆணையம் 1987இல் நாடு முழுவதற்கும் வழிகாட்டு அளவுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. அந்த வெற்றிடத்தை மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் தத்தம் வழியில் நிரப்பின. ஆல்பர்ட்டா ஒரு தொடக்கப் புள்ளியை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஏற்றி இறக்கும். மற்றவை பெரும்பாலும் ‘இத்தனை ஆண்டு முதல் இத்தனை ஆண்டு வரை’ என்று ஒரு வரம்பு வைத்திருக்கும். குடிபோதையில் ஓட்டி மரணம் விளைவித்த வழக்குகளுக்குக் கியூபெக்கில் மூன்று படிகள் உருவாகியிருந்தன: 18 மாதம் முதல் 3 ஆண்டு வரை மென்மையானது, 3 முதல் 6 வரை கடுமையானது, அதற்கு மேலே மிகக் கடுமையானது.

சட்டம் ஒன்றாக இருந்தாலும் தண்டனை ஊருக்கு ஊர் ஓரளவு மாறத்தான் செய்யும் என்று உச்ச நீதிமன்றமே 1996இல் சொல்லிவிட்டது. குற்றம் நடந்த சமூகத்தின் தேவையையும் அன்றைய நிலைமையையும் பொறுத்து நோக்கங்களின் கலவை மாறும் என்பது தலைமை நீதிபதி லாமரின் கருத்து. எந்த அளவுக்கு, யார் நிரூபிக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது பேசப்படவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். கியூபெக்கின் தனித்தன்மை என்றால் தண்டனை விவாதங்களில் பொதுவாக மென்மைதான் நினைவுக்கு வரும். இளங்குற்றவாளிகளைச் சீர்திருத்துவதில் அந்த மாகாணம் பிடிவாதமானது. கூட்டாட்சி அரசு கொண்டுவந்த புதிய இளையோர் நீதிச் சட்டத்தை எதிர்த்துத் தன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கருத்தையே கேட்டது; அந்தக் கருத்து 2003இல் வந்தது. இந்த வழக்கில் கதை தலைகீழ். கடுமையைக் கேட்டது மாகாணத்துக்குள் இருந்த ஒரு வட்டாரத்தின் நீதிமன்றம். தணித்தது மாகாணத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம்.

நடந்தது

கியூபெக் நகரத்துக்குத் தெற்கே, ஷோதியேர் ஆற்றை ஒட்டி அமெரிக்காவின் மேய்ன் மாநில எல்லை வரை நீளும் பகுதி போஸ். சிறு ஊர்கள், இடையே நீளமான சாலைகள். 2011 ஜூன் மாதம், எல்லையோரத்துச் சேன்ட் ஓரேலி கிராமத்தில் 20 வயது இளைஞர் ஒருவர் ஓட்டிய கார் ஒரு வளைவில் கட்டுப்பாட்டை இழந்தது. மது அருந்தியிருந்தார், வேகமும் அதிகம். காரில் இருந்த இளம்பெண்கள் இருவர் இறந்தனர்.

மதுபோதையில் ஓட்டி மரணம் விளைவித்ததாக இரண்டு குற்றச்சாட்டுகள். அந்தக் குற்றத்துக்கு உச்ச தண்டனை ஆயுள் சிறை. இரண்டையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆகவே குற்றமா இல்லையா என்ற விசாரணையே இல்லை. எத்தனை ஆண்டு என்பது மட்டும்தான் மிச்சம்.

அவருக்குச் சாதகமாக நிறைய இருந்தது. இளம் வயது, முந்தைய குற்றப் பதிவு இல்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டது, வருத்தம், குடும்ப ஆதரவு. பாதகமாக, இறந்தவர்கள் இருவர், வண்டியின் வேகம். அதோடு, வேகமாக ஓட்டியதற்காக முன்பே தண்டிக்கப்பட்டவர் என்பது அவரது ஓட்டுநர் பதிவில் இருந்தது. இந்தக் கடைசி விவரத்தை ஒவ்வொரு நீதிமன்றமும் வெவ்வேறு எடையில் பார்த்தது.

முதல் முடிவு, 2013

அந்த நீதித்துறை மாவட்டத்தில் பணியாற்றிய கியூபெக் நீதிமன்ற நீதிபதி ஆறரை ஆண்டு சிறை விதித்தார். 11 ஆண்டுகளுக்கு வண்டி ஓட்டத் தடையும் விதித்தார். மாகாணத்து மூன்று படிகளில் இது மூன்றாவது படியின் வாசல். முதல் குற்றம் செய்த 20 வயது இளைஞருக்கு அந்தப் படி வழக்கமில்லை.

காரணங்களில் ஒன்றாக ஊர் நிலவரம் வந்தது. தன் மாவட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டுவதை மக்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், அந்தக் குற்றம் நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் கணிசமான இடத்தைப் பிடித்திருக்கிறது, எனவே பிறரைத் தடுக்கும் நோக்கம் இங்கே முன்னுக்கு வர வேண்டும் என்றார்.

இதற்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. வழக்குகள் அதிகம் என்பது ஒன்று. அதை நீதிமன்றப் பட்டியலைப் புரட்டி எவரும் சரிபார்க்கலாம். மக்கள் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது இன்னொன்று. அது ஒரு வட்டாரத்து மனப்போக்கைப் பற்றிய தீர்ப்பு, அதற்குப் பட்டியல் எதுவும் கிடையாது. அரசுத் தரப்பு இதற்காகச் சாட்சியம் எதையும் வைத்திருக்கவில்லை. நீதிபதி தன் அனுபவத்திலிருந்து சொன்னார்.

குறைப்பு, 2014

கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறரை ஆண்டை நான்காக்கியது. வழக்கமான வரம்பைத் தாண்ட இந்த வழக்கில் போதிய காரணம் இல்லை, பாடம் புகட்டும் நோக்கத்துக்கு எடை கூடிப்போய் ஆள் மறைந்துவிட்டார் என்பது சாரம். சட்டப் பிழை ஒன்றையும் அது காட்டியது: மது அருந்தியிருந்ததைத் தண்டனையைக் கூட்டும் காரணியாகக் கீழ் நீதிபதி சேர்த்திருந்தார். குற்றத்தின் இலக்கணமே அதுதான் எனும்போது அதையே கூட்டும் காரணமாக மறுபடி எண்ண முடியாது.

நான்குக்கும் ஆறரைக்கும் இடையே நடைமுறையில் என்ன வித்தியாசம்? இரண்டுமே கூட்டாட்சிச் சிறைதான். முழுப் பரோலுக்கு விண்ணப்பிக்கும் தகுதி தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் வருகிறது. நான்கு ஆண்டில் அது 16 மாதம். ஆறரையில் 26 மாதம். பரோல் கிடைக்காதவர் பொதுவாக மூன்றில் இரண்டு பங்கில் கண்காணிப்போடு வெளியே வருவார்: 32 மாதம், அல்லது 52 மாதம். உச்ச நீதிமன்றம் வரை போன சண்டை அந்த இடைவெளிக்காக. இறந்தவர்களின் வீடுகளில் இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரியும். அதை எழுத்தில் அளக்க நான் முயலவில்லை.

உச்ச நீதிமன்றம், 2015 டிசம்பர் 17

ஏழு நீதிபதிகள். ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஆறரை ஆண்டு மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. ஓட்டத் தடை மட்டும் திருத்தப்பட்டது: அது சிறைக்காலம் முடிந்த பிறகு ஓடத் தொடங்கும், தீர்ப்புக்கு முன்பே வண்டி ஓட்டாமல் கட்டுப்பட்டிருந்த காலத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் வாக்னர். எதிர்த் தீர்ப்பை எழுதியவர் காஸ்கோன். தலைமை நீதிபதி மெக்லாக்லின் அவரோடு சேர்ந்தார். வாக்னர், காஸ்கோன் இருவருமே கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வந்தவர்கள். ‘கியூபெக்கைத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள்’ என்று இந்தப் பிளவைப் படிக்க முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஒரே மாகாணத்து அனுபவம் இருவரை எதிரெதிர் முடிவுக்குக் கொண்டுபோனது.

வாக்னரின் வாதத்தில் முதல் பகுதி மேல்முறையீட்டின் எல்லை பற்றியது. வரம்பு என்பது கடந்த தீர்ப்புகளின் தொகுப்பு. அதைத் தாண்டியதே பிழை ஆகாது. கீழ் நீதிபதி ஒரு பிழை செய்திருந்தாலும், அது தண்டனையின் அளவைப் பாதித்திருந்தால்தான் மேல் நீதிமன்றம் கை வைக்கலாம். மதுவை இரண்டு முறை எண்ணியது பிழைதான், ஆனால் அதனால் ஆண்டுகள் கூடவில்லை என்றார். இரண்டாவது பகுதி இந்தக் குற்றத்தின் இயல்பு பற்றியது. குடித்துவிட்டு ஓட்டுபவர்களில் பலர் மற்றபடி சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்பவர்கள். பெரிய தண்டனையைக் கண்டு யோசிக்கக்கூடியவர்களும் அவர்களே. ஆகவே தடுக்கும் நோக்கத்துக்கு இங்கே கூடுதல் எடை தரலாம்.

மூன்றாவது பகுதிதான் நமக்கு முக்கியம். ஒரு குற்றம் ஒரு பகுதியில் அடிக்கடி நடக்கிறது என்பது தன்னளவில் தண்டனையைக் கூட்டும் காரணி ஆகாது. ஆனால் அந்த இடத்தில் அந்தச் செயலைக் கண்டிப்பதும் தடுப்பதும் எவ்வளவு தேவை என்று நோக்கங்களை எடைபோடும்போது நீதிபதி அதைக் கருதலாம். அதன் விளைவாக, வெளிப்படையாகவே பொருந்தாத ஒரு தண்டனை வந்துவிடக் கூடாது. அந்த மாவட்டத்திலேயே வழக்குகளை நடத்தும் நீதிபதிக்கு அங்கே என்ன வழக்குகள் வருகின்றன என்பது தெரிந்திருக்கும்; அதைச் சாட்சியம் இல்லாமலே எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

காஸ்கோன் இதை ஏற்கவில்லை. போஸ் மக்கள் குடித்துவிட்டு ஓட்டுவதை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எவரும் மறுக்க முடியாத பொது உண்மை இல்லை. அதைப் பற்றிப் பேசவோ மறுக்கவோ தரப்புகளுக்கு வாய்ப்பும் தரப்படவில்லை. பெயரை மாற்றினாலும் அது ஆண்டுகளைக் கூட்டத்தான் பயன்பட்டது. முதல் குற்றம் செய்த ஓர் இளைஞரின் தண்டனையை அவரது ஊரைப் பார்த்து எழுதுவது, ஆளைப் பார்த்துத் தண்டனை எழுத வேண்டும் என்ற அடிப்படைக்கே முரண் என்றார். அவர் கணக்கில் நான்கு ஆண்டே சரி.

என் மதிப்பீடு

ஆறரை ஆண்டு என்ற முடிவு தவறு என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு உயிர்கள், வேகம், ஏற்கனவே கிடைத்த எச்சரிக்கைகள்: ஊரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமலே அந்த எண்ணுக்கு ஒருவர் வந்து சேரலாம். மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வரம்பைச் சட்டம்போல ஆள்வதை வாக்னர் தடுத்ததும் நல்லதே. என் தயக்கம், ஊர் நிலவரம் அறைக்குள் வந்த வாசல் பற்றியது.

சட்டத் தொகுப்பின் 724ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. தண்டனையைக் கூட்டும் ஒரு விவரத்தை எதிர்த்தரப்பு மறுத்தால், அதை அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ‘கூட்டும் காரணி’ என்ற பெட்டியிலிருந்து எடுத்து ‘நோக்கங்களை எடைபோடும்போது கருதுவது’ என்ற பெட்டியில் வைத்தவுடன் அந்தச் சுமை காணாமல் போகிறது. விளைவு மட்டும் மாறவில்லை. ஆண்டுகள் அதே திசையில்தான் கூடுகின்றன.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பூர்வகுடி மக்களின் சூழலைத் தனியாகக் கவனிக்கச் சொல்லும் 718.2(e) பிரிவு 1996 முதல் இருக்கிறது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்த பிறகு, அந்த மனிதரின் சமூகம், குடும்பம், பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளின் பின்விளைவு எல்லாவற்றையும் தொகுத்துத் தனி அறிக்கை தயாரிக்கும் வழக்கம் வந்தது. அறிக்கையை இரு தரப்பும் படிக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். சமூகப் பின்னணி தண்டனையைக் குறைக்க வரும்போது தாள் கேட்கிறோம்; கூட்ட வரும்போது நீதிபதியின் நினைவே போதும் என்கிறோம். இந்த ஏற்றத்தாழ்வு பெரும்பான்மைத் தீர்ப்பைத் தொந்தரவு செய்யவில்லை. என்னைச் செய்கிறது.

உள்ளூர் அறிவே கூடாது என்று வாதிடுவதும் சரிப்படாது. மாவட்ட நீதிமன்றங்கள் எதற்காக இருக்கின்றன? தன் மாவட்டத்தில் வாரந்தோறும் எந்த வழக்கு வருகிறது என்பதை ஒரு நீதிபதி மறந்துவிட்டுத் தீர்ப்பு எழுத முடியாது, எழுதவும் கூடாது. காஸ்கோனின் தீர்ப்பை அந்த எல்லை வரை இழுத்தால் அதுவும் செயற்கையாகிவிடும். எண்ணிக்கைக்கும் மனப்போக்குக்கும் இடையே கோடு போட்டிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். வழக்குகள் அதிகம் என்பதை நீதிபதி அறிந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம், சொல்லிவிட்டு. மக்கள் அலட்சியமானவர்கள் என்பதற்குச் சாட்சியம் வேண்டும். அந்த வட்டாரத்தில் இரவு நேரத்தில் வீடு திரும்ப வேறு வழி இருக்கிறதா, அங்கே காவல்துறை எவ்வளவு சோதிக்கிறது என்பன போன்ற விவரங்கள் இல்லாமல் ‘அலட்சியம்’ என்ற முடிவுக்கு வருவது எளிது. வழக்கு எண்ணிக்கை கூடுவதற்குக் கூடுதல் சோதனையும் காரணமாக இருக்கலாம் அல்லவா.

அதன் பிறகு

2018இல் வண்டி ஓட்டும் குற்றங்கள் பற்றிய பகுதியை நாடாளுமன்றம் மொத்தமாகத் திருத்தி எழுதியது. மரணம் விளைவித்தால் உச்ச தண்டனை ஆயுள் என்பது அப்படியே இருக்கிறது. தண்டனையைக் கூட்டும் காரணிகள் புதிய பகுதியில் பட்டியலாகவே தரப்பட்டுள்ளன. அதில் ஊர் நிலவரம் என்று ஒன்று இல்லை.

தீர்ப்பின் செல்வாக்கு குறையவில்லை. வரம்பைத் தாண்டியது பிழை ஆகாது என்ற வரி இன்று மேல்முறையீடுகளில் வாடிக்கையான மேற்கோள். 2021இல் ஆல்பர்ட்டாவிலிருந்து வந்த, ஃபென்டனில் என்ற போதைப்பொருளைக் கடத்திய வழக்கில் வட்டார வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் மறுபடி ஏற்றது. மொத்தமாகக் கடத்துபவர்களுக்கு 9 ஆண்டு என்று ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்த தொடக்கப் புள்ளியைக் கலைத்துவிடச் சொன்னார்கள், பெரும்பான்மை மறுத்தது. மாகாணத்துக்கு மாகாணம் முறை மாறலாம், ஆனால் தொடக்கப் புள்ளி கட்டாயச் சட்டம் ஆகிவிடக் கூடாது என்றது. 2015இல் ஒரு மாவட்டத்துக்குச் சொன்னது, 2021இல் ஒரு மாகாணத்துக்கு நீண்டது.

இன்று இதே வழக்கு வந்தால்

முக்கியமான ஒரு கருவி இந்த வழக்கின் முதல் தீர்ப்புக்குப் பிறகுதான் வந்தது. பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது, ஒரு குற்றத்தால் சமூகத்துக்கு ஏற்பட்ட பாதிப்பை அந்தச் சமூகத்தின் சார்பில் எழுத்தில் தாக்கல் செய்யும் வழி 722.2 பிரிவாகச் சட்டத் தொகுப்பில் பொதுவாக நுழைந்தது. 2013இல் போஸ் நீதிமன்றத்தில் அது இல்லை.

இன்று அரசுத் தரப்பில் இருப்பவர் அந்த அறிக்கையையும், மாவட்ட நீதிமன்றத்தின் வழக்குப் பட்டியலையும் முன்கூட்டியே பதிவில் சேர்த்துவிடலாம். அப்போது மேல்முறையீட்டில் ‘எங்கிருந்து வந்தது இந்தத் தகவல்’ என்ற கேள்விக்கே இடமிருக்காது. நீதிபதி தன் அனுபவத்திலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள நினைத்தால், தீர்ப்பு நாளுக்கு முன்பே அதைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லி, இரு தரப்பிடமும் பதில் கேட்கலாம். தண்டனைக்கு முன் வாதிட வாய்ப்பளிக்கும் 723ஆம் பிரிவின் உணர்வும் அதுவே.

எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை இன்னும் கூடுதல். சிறு மாவட்டத்தில் ஆஜராகும்போது, அதே நீதிபதி அதே வகை வழக்குகளில் அண்மையில் எழுதிய தீர்ப்புகளைப் படித்திருக்க வேண்டும். ஊர் நிலவரம் பேச்சில் வந்தவுடன், 724ஆம் பிரிவின்படி அதை மறுக்கிறோம் என்று பதிவு செய்ய வேண்டும். இந்த வழக்கில் அந்த மறுப்பை வைக்க ஒரு தருணமே வாய்க்கவில்லை. ஊர் நிலவரம் என்ற காரணமே தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றுதான் வெளியே வந்தது.